ஆயா வேலை

அந்த ஞாயிற்றுக்கிழமை கேரி தீவுக்குப் போன காடியில் இருந்தவர்கள்:

ஓட்டியவர் சுகுமாறன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஆள் வைத்து ஏர்கோன் மாட்டும் தொழில் நடத்துகிறவர். காடி அவருடையது, பெட்ரோல் அவருடையது, அன்றைய சாப்பாட்டுச் செலவும் அவருடையது என்பதை எல்லாரும் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

பக்கத்தில் கமலநாதன். சுகுமாறனின் தங்கை புருஷன். போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் இராத்திரி முழுக்க ஃபோர்க்லிப்ட் ஓட்டிவிட்டு, குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, கண்ணை மூடாமல் வந்து உட்கார்ந்திருந்தவன்.

பின் இருக்கையில் நடுவில் புனிதா. இவனுக்கு மனைவி, அவருக்குத் தங்கை. இரண்டு பேரும் பேசும்போது பேசாமல் இருந்து பழகியவள்.

ஒரு ஜன்னலோரம் கிஷன். ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. காடி ஏறினால் வாந்தி வரும், அதனால் கையில் பிளாஸ்டிக் பை.

மறு ஜன்னலோரம் கவிநயா. நாலு வயது, வீட்டில் பாப்பா. மடியில் ஒரு நாறல் தலையணை. அது இல்லாமல் அவள் வாசற்படி தாண்டமாட்டாள்.

வராதவர் ஒருத்தர்: சுகுமாறனின் மனைவி மலர்விழி. அவர் ஸ்ரீ கெம்பாங்கான் வீட்டில், பிள்ளைகளுக்கென்று ஓர் அறையை ஒழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைய பயணமே அந்த அறையைப் பற்றியதுதான். நண்டு தின்பது அதற்குச் சாக்கு.

புனிதாவுக்குச் செர்டாங் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. கிள்ளானில் இருந்த சின்ன கிளினிக் வேலையை விட நல்ல வேலை. சுகுமாறன் உடனே கணக்குப் போட்டுவிட்டார். தங்கையும் பிள்ளைகளும் தன் வீட்டில் தங்குவது. பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். கமலநாதன் கிள்ளானிலேயே இருந்து வேலையைப் பார்ப்பது, ஓஃப் நாளில் வந்து போவது. இதற்கு அவன் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரமாக அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கேட்டால், "பாக்கலாம் மச்சான்" என்பான்.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். படிவம் மூன்றில் பள்ளிக்கூடத்தை விட்டவன். மனசில் இருப்பதை எடுத்து வரிசையாக வைத்துப் பேச அவனுக்கு வராது. பிள்ளைகளோடு பேசுவான், ஃபோர்க்லிப்டோடு பேசுவான். மச்சானோடு பேச வேண்டுமென்றால் நாக்கு ரிவர்ஸில் போகும்.

நாலு வருஷமாக அந்த வீட்டில் நடந்தது இதுதான். விடிந்து அவன் வருவான். புனிதா கைப்பையோடு வாசலில் நிற்பாள். "பாப்பாவுக்கு லேசா சூடு, கிஷன் ரொட்டி தின்னல" என்று ஷிப்ட் மாறும் ஆட்கள் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். அவன் இரும்புக் கிரில்லை இழுத்துச் சாத்துவான். பூட்டுப் போடுவது பாப்பா. மலாயில் அந்தப் பூட்டுக்கு மாங்கா என்று பெயர். கிஷன் மூன்று வயதில் அதைக் கேட்டுவிட்டு, தின்கிற மாங்காயை ஏன் கதவில் தொங்கவிடுகிறார்கள் என்று அழுதான். அதிலிருந்து அந்த வீட்டில் பூட்டு மாங்காதான். அவன் பாப்பாவைத் தூக்கிப் பிடிப்பான், அவள் இரண்டு கையாலும் அழுத்துவாள், டக்கென்று விழும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுப்பான். பிள்ளைகள் அவன் மேல் ஏறி இறங்கி விளையாடும். தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத ஒரு நிலையில், யார் பால் டின்னைத் திறக்கிறார்கள், யார் சுவரில் கிறுக்குகிறார்கள் என்பது அவன் காதுக்குத் தெரியும்.

மத்தியானம் எழுந்து கூட்டிக்கொண்டு கிளம்புவான்; இந்த வருஷம் கிஷன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அவன் வீடு திரும்பியதும். பெரிய இடமெல்லாம் இல்லை. கொம்யூட்டர் ரயிலில் ஏறி கே.எல். சென்ட்ரல் வரைக்கும் போவார்கள். புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா என்று ஸ்டேஷன் பெயரை எல்லாம் கிஷன் ரயிலுக்கு முன்னால் சொல்லிவிடுவான். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி நடந்து, ஆளுக்கொரு வடை வாங்கி, யானை நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்புவார்கள். மழையென்றால் ஏதாவது ஒரு மாலில் மின்படியில் ஏறி இறங்குவார்கள், காவலாளி முறைக்கிற வரைக்கும். சில நாள் தஞ்சோங் ஹராப்பானில் கடலோரம் நின்று கப்பல் பார்ப்பார்கள். "அந்தா, நீலப் பெட்டி தெரியுதா? நேத்து ராத்திரி நான் தூக்கி வச்சது" என்பான். தூக்கியது இவன் இல்லை. பிள்ளைகள் நம்பின. கிள்ளான் துறைமுகத்திலிருந்து போகிற எல்லாக் கப்பலிலும் எல்லாப் பெட்டியையும் தங்கள் அப்பாதான் ஏற்றியதாகக் கிஷன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

சொல்லிக்கொள்ளும்படி இதில் ஒன்றும் இல்லை. ஆனால் காடியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்த கமலநாதனுக்கு, எப்போதோ முடிந்துபோன காலத்தை நினைக்கிற மாதிரி இதெல்லாம் வந்துகொண்டிருந்தது. போன வாரம் தின்ற வடைகூட.

தெலுக் பங்லீமா காராங் தாண்டிப் பாலம் ஏறி இறங்கினார்கள். இரண்டு பக்கமும் செம்பனை. வெயில் ஓலைக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே பச்சையாக ஓர் இருட்டு. கமலநாதன் பிறந்தது இந்தத் தீவில். அவன் அதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

"அப்பா, ஒங்க வீடு எங்க இருந்துச்சு?" என்றான் கிஷன்.

"அந்தா, மூணாவது வரிச மரம்."

"மரந்தான் இருக்கு."

"லயத்த ஒடச்சு மரம் நட்டுட்டானுங்க. எங்க வீட்டு அடுப்படில ஒரு மரம் நிக்கும். நல்லா காய்க்கும். அவ்ளோ சாம்பல் போட்ருக்கோம்."

சுகுமாறன் சிரித்தார். "ஒரு போர்டாச்சும் வைக்கலாம்ல மாப்ள. கமலநாதன் பிறந்த இடம்னு."

"வச்சா அதையும் புடுங்கி உரமூட்டைக்கு அடியில போடுவானுங்க மச்சான்."

சாலையோரம் ஒரு சிமெண்டுத் தரை மட்டும் தனியாகக் கிடந்தது. சுவரில்லை, கூரையில்லை. மேலே உரமூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கமலநாதன் கையை நீட்டினான். "அதான் ஆயா கொட்டாய். அஞ்சு வயசு வரைக்கும் நான் அங்கதான் கெடந்தேன்."

தூங்கி வழிந்துகொண்டிருந்த கவிநயா சட்டென்று நிமிர்ந்தாள். "ஆயாவா?"

"ஆமா பாப்பா. ஆயா கொட்டாய்."

"ஆயாவுக்குக் கொட்டாய் இருக்கா?"

"இருந்துச்சு. வெடியறதுக்கு முன்னாடியே எல்லாரும் பெரட்டுல பேரு குடுத்துட்டு வேலைக்காட்டுக்குப் போயிருவாங்க. பிள்ளைங்கள தூங்கத் தூங்கத் தூக்கியாந்து ஆயாகிட்ட போட்ருவாங்க. ஆயா பால் கலக்கிக் குடுக்கும். சாரோங்ல தொட்டி கட்டி ஆட்டும். சண்ட போட்டா ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒரே அடி."

"ஆயா வேலைக்குப் போவாதா?"

"பிள்ளைங்கள பாத்துக்கிறதுதான் ஆயாவுக்கு வேல."

கவிநயா யோசித்தாள். தலையணையின் முனையைச் சப்பினாள். பிறகு, ரொம்பத் தெளிவாக, "நம்ம வீட்டு ஆயா ராத்திரி வேலைக்கும் போவும்" என்றாள்.

சுகுமாறன் சிரித்த சிரிப்பில் காடி கொஞ்சம் ஓரம் போய் வந்தது. "கேட்டியா மாப்ள? நான் தீபாவளிக்குச் சொன்னதத்தான் பிள்ள சொல்லுது!"

தீபாவளிக்கு அவர் சொன்னது இது: "நம்ம மாப்ள பகல்ல ஆயா வேல, ராத்திரி ஃபோர்க்லிப்ட் வேல." வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கமலநாதனும் சிரித்தான். கையில் முறுக்கு இருந்தது. அதைத் தின்ன முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

இப்போது அவன் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். பாப்பா ஏதோ சரியான பதில் சொல்லிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கொட்டாயைப் பார்த்துக்கொண்ட முனிம்மா ஆயா ஒன்றும் தேவதை இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே தூங்கும். பிள்ளைகள் மண் தின்னும், ஈ மொய்க்கும், ஒருத்தன் வாயில் வைத்த பால் புட்டியை இன்னொருத்தன் வாயில் வைக்கும். ஆனால் பாம்பு வருகிற காட்டுக்கு நடுவில் இருந்த அந்தக் கொட்டாயில், அது இருந்த காலத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. சாயங்காலம் எத்தனை பிள்ளை வாங்கியதோ அத்தனை பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும். அதற்காக யாரும் அதை மதித்ததில்லை. தோட்டத்தில் ஓர் ஆணைத் திட்ட வேண்டுமென்றால், "போடா, போய் ஆயாவுக்குத் தொட்டி ஆட்டு" என்பார்கள். கமலநாதன் அந்தத் திட்டைக் கேட்டு வளர்ந்தவன்.

அவர்கள் போன நண்டுக் கடை ஒரு சீனத்தியுடையது, ஆற்றின் மேல் மரத்தூண் நட்டுக் கட்டியது. கீழே சேறு. சேற்றில் தத்தித் தத்திப் போகிற மீன்களைக் கண்டதும் கிஷன் பிளாஸ்டிக் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கம்பி ஓரம் ஓடினான். அதற்குப் பிறகு அவனை மேசைக்குக் கொண்டுவர முடியவில்லை. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் அப்பியது.

நண்டு வந்தது. அவித்தது ஒரு தட்டு, மிளகாய் போட்டுப் பிரட்டியது ஒரு தட்டு. கங்கோங் கீரை, மாவில் பொரித்த சோத்தோங் கணவாய். நண்டு உடைக்க ஆளுக்கொரு சின்ன மரச் சுத்தியல். சுகுமாறன் ஒரு காலை உடைத்து உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார்.

"மாப்ள, நான் சுத்தி வளச்சுப் பேசமாட்டேன். அறை ரெடி. மலரு ரெண்டடுக்குக் கட்டில் வாங்கிப் போட்டுருச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஸ்கூலுக்கு ஆள் பாத்துப் பேசிட்டேன். நீ ஒரு வார்த்த சொன்னா போதும்."

"பிள்ளைங்க அங்க, நான் இங்கயா?"

"ஓஃப் டேக்கு வா."

"ஓஃப் டேக்கு வர்றதுக்கு நான் என்ன வாசல்ல கேஸ் தோம்பு எறக்கிட்டுப் போறவனா மச்சான்?"

"கோச்சுக்காத லா. யோசிச்சுப் பாரு. ஒனக்குத் தூக்கம் வேணாமா? மூஞ்சப் பாரு, செத்த மீன் மாரி இருக்கு."

"தூங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கதவுக்குக் குறுக்க. நாய் மாரி. பாத்திருக்கேன்ல." சுகுமாறன் குரலைத் தணித்தார். தணித்தும் பக்கத்து மேசைக்குக் கேட்டது. "ஒன் நல்லதுக்குச் சொல்றேன். ஆம்பள பகல்ல வெளிய போவணும், பொழுது சாஞ்சா வீட்டுக்கு வரணும். நீ தலகீழா நிக்கிற. நாளைக்குப் பிள்ளைங்க ஸ்கூல்ல அப்பா என்ன வேலன்னு கேட்டா என்னா சொல்லும்? இப்பவே சொல்லுதே, காடில கேட்டல்ல?"

கமலநாதன் புனிதாவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தான். அவள் சோத்தோங்கை ஆற்றிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

அப்போது கவிநயா நாற்காலியிலிருந்து நழுவி இறங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு அவனிடம் வந்தாள். கையில் ஒரு முழு நண்டுக்கால். அதை அவன் தொடைமேல் வைத்தாள்.

"ஆயா, உரிச்சுக் குடு."

சுகுமாறன் மேசையைத் தட்டிச் சிரித்தார். புனிதாவும் சிரித்துவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இரண்டு வாரமாக இறுக்கிப் பிடித்திருந்தது உடைந்து, சிரிப்பாக வெளியே வந்துவிட்டது. ஆனால் கமலநாதன் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

கவிநயாவுக்குப் புரியவில்லை.

"யார் ஒனக்கு இப்பிடிச் சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன்!"

ஆற்றின் மேல் கட்டிய கடையில் குரல் நன்றாகவே பரவும். சீனத்தி சட்டி கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பாப்பா பயந்துபோய், பிள்ளைகள் செய்கிற மாதிரியே, அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கமலநாதன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

கையில் இருந்த சுத்தியலைத் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான்.

"சரி மச்சான். கூட்டிட்டுப் போங்க."

"மாப்ள, பிள்ள ஏதோ..."

"இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு வேணாம். ஆயாவுக்கு இன்னையோட வேல நின்னுருச்சு."

கேட்டது கிடைத்தும் சுகுமாறனுக்கு அடுத்த நண்டு இறங்கவில்லை. புனிதா புருஷனை ஒரு முறை நேராகப் பார்த்தாள். பிறகு டிஷ்யூ எடுத்துப் பாப்பாவின் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அந்த நண்டுக்காலை யாரும் உரிக்கவில்லை.

திரும்பும்போது மழை கொட்டியது. பாலத்தின் மேல் கிஷன் வாந்தி எடுத்தான். கமலநாதன் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, பையின் வாயை அவன் முகவாய்க்குக் கீழே சரியாகப் பிடித்தான். சுகுமாறன் அதைப் பார்த்தார்.

அவர்கள் வீடு பண்டமாரான் பக்கம், லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் நாலாவது மாடி. எதிர்வீட்டு லோகேஸ்வரி, எல்லாருக்கும் லோகா அக்கா, கிரில்லுக்கு உள்ளே நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கமலநாதன் உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த துணிப்பையை இறக்கித் தூசி தட்டுவது திறந்த கதவு வழியாக அவளுக்குத் தெரிந்தது.

"என்னா புனிதா, எங்க பயணம்?"

"தெரியலக்கா" என்றாள் புனிதா. அது உண்மை.

பிள்ளைகளின் துணியை எடுத்து வைத்தது கமலநாதன்தான். எது எங்கே இருக்கிறது என்பது அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். புனிதா உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து, தன் சீருடை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். சுகுமாறன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று காடிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், கேட்டுக்குங்க. இந்தப் பச்ச சட்டைய கிஷனுக்குப் போடாதீங்க, கழுத்துல அரிக்கும். அவனே சொல்லமாட்டான், சொறிஞ்சிக்கிட்டே இருப்பான். சோத்துல கொழம்ப ஊத்தாதீங்க, ஓரமா வைக்கணும். பாப்பாவுக்கு ராத்திரி இருமல் வந்தா மருந்து குடுக்காதீங்க, நிமித்தி ஒக்கார வச்சு முதுகத் தடவுனா நின்னுரும். இந்தத் தலகாணிய மட்டும் தொவைக்கக் கூடாது."

"நாறுது மாப்ள."

"நாறணும். தொவைச்சா மூணு நாள் தூங்காது. உங்க வீட்டுக்காரிகிட்ட மொதல்ல சொல்லிருங்க, அவங்க சுத்தம் பாக்கறவங்க."

சாவி சுற்றுவது நின்றது. "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க மாப்ள" என்றார் சுகுமாறன். "ஒருத்தன் பினாங்குல, ஒருத்தி சிங்கப்பூர்ல. அதுங்களுக்கு எந்தச் சட்ட அரிக்கும்னு யாராச்சும் இப்ப என்னைக் கேட்டா..." திரும்பி, லோகா அக்காவின் வெங்காயத்தைப் பார்த்தார்.

கவிநயா அழுது முடித்திருந்தாள். பிள்ளைகளுக்கு அழுகை முடிந்ததும் விளையாட்டு வந்துவிடும். நிரப்பிய பையின் மேல் குதிரை மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டு, கிஷனை எதிரே உட்கார வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். அடுக்குமாடிக்குக் கீழேயே இருக்கும் தாடிகா என்கிற மலாய்ப் பாலர் பள்ளிக்கு அவள் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அங்கே சிக்கு என்று கூப்பிடும் ஆசிரியை செய்கிற மாதிரியே விரலை ஆட்டினாள். அறையிலிருந்து வெளியே வந்த புனிதாவைக் காட்டினாள்.

"இனி இபு."

"என்னா பாப்பா?"

"இனி இபு. சிக்கு சொல்லிக் குடுத்தாங்க. இனி அபாங்." இது கிஷனுக்கு.

"நான் கிஷன் லா."

"இல்ல. நீ அபாங்."

பிறகு விரல் கமலநாதன் பக்கம் திரும்பியது. பாதி வழியில் நின்றது. அவள் விரலை மடக்கிக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அது யாரு?" என்றான் கிஷன்.

"சொல்லமாட்டேன். சொன்னா கத்துவாங்க."

கமலநாதன் கையில் பச்சைச் சட்டையோடு நின்றான். புனிதா பையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "யாரும் கத்தமாட்டாங்க. நீ சொல்லு."

"இனி ஆயா" என்றாள் கவிநயா, புனிதாவின் காதுக்குள். காதுக்குள் சொன்னாலும் அந்தச் சின்ன வீட்டில் எல்லாருக்கும் கேட்டது.

கிஷன்தான் பேசினான். கடையில் மீன் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. "மலாய்ல ஆயான்னா அப்பா. இபுன்னா அம்மா. அபாங்னா அண்ணன். எங்க புக்லயும் இருக்கு. 'இனி'ன்னா 'இது'. இதுகூடத் தெரியாதா?"

இருபது வருஷமாக மலாயில் உத்தரவு வாங்கி, மலாயில் ஏச்சு வாங்கி, மலாயில் திருப்பி ஏசுகிறவன் கமலநாதன். அவனோடு வேலை செய்கிற ஆட்கள் ஆயா சாகிட் என்று சொல்லி லீவு போடுவது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்காகத்தான். தெரியாத வார்த்தையில்லை. தன் பிள்ளை வாயிலிருந்து அது அந்த வழியாக வரும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. எதிர்க் கிரில்லில் லோகா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம்.

"நம்ம வீட்டு ஆயா ராத்திரி வேலைக்கும் போவும்" என்று சுகுமாறன் தனக்குத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அடச்சீ" என்றார்.

கமலநாதன் குனிந்து பையைத் திறந்தான். முதலில் தலையணையை எடுத்துப் பாப்பாவிடம் கொடுத்தான். பிறகு சட்டைகளை எடுக்க ஆரம்பித்தான்.

"மாப்ள, அப்ப வேல? இவ எப்பிடிப் போவா?"

"அது வந்து மச்சான்..." என்று ஆரம்பித்துக் கமலநாதன் வழக்கம்போல நின்றான்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் புனிதா. எழுந்து நின்றாள். "ரெண்டு வாரமா நீங்களும் பேசறீங்க, அண்ணனும் பேசுது. வேல கெடச்சது எனக்கு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு அந்த வேல வேணும். அண்ணன் வீட்டுல போயி ஒக்கார வேணாம். விடியக் காலையில ரயில் இருக்கு, கே.எல். சென்ட்ரல்ல மாறுனா செர்டாங். நான் கெளம்பி, இவங்க வந்து சேர்ற வரைக்கும் பிள்ளைங்கள லோகா அக்கா பாத்துக்கும்."

"போன வாரமே சொல்லிட்டேனே நான்" என்றாள் லோகா அக்கா எதிரிலிருந்து. "எனக்கு என்ன, தூக்கமா வருது அந்நேரத்துல?"

கமலநாதன் புனிதாவைப் பார்த்தான். "போன வாரமே கேட்டியா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க போவாதன்னு ஒரு வார்த்த சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றாள். "இன்னிக்கு மேசையிலயும் பாத்தேன். கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னீங்க."

மழை விட்டிருந்தது. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். கமலநாதன் கையிலிருந்த சட்டையை உதறினான். நாக்கு இப்போதும் ரிவர்ஸில்தான் போகப் பார்த்தது. அதைப் பிடித்து இழுத்து முன்னால் வைத்தான்.

"போவாத" என்றான்.

அவ்வளவுதான் வந்தது. புனிதா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். பாத்திரத்தை அவள் வைத்த சத்தத்தில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. அது போக நாளாகும் என்று அவனுக்குத் தெரிந்தது.

சுகுமாறன் தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. "மலரு கேக்கும், நான் போறேன்" என்றார். கிரில்லைத் தாண்டி வெளியே போய்த் திரும்பி நின்றார். "கட்டில் வேற வாங்கியாச்சு. கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்."

"ஸ்கூல் லீவுல வந்து படுக்கட்டும் மச்சான். மேல கிஷன படுக்க வைங்க. பாப்பா உருளும்."

"தலகாணியத் தொவைக்கக் கூடாது."

"தொவைக்கக் கூடாது."

சுகுமாறன் தலையை ஆட்டினார். உடனே படியிறங்காமல், கம்பிக்கு அந்தப் பக்கம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கமலநாதன் கிரில்லை இழுத்தான். அது எப்போதும்போலக் கீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கே பழகியவள் கவிநயா, தலையணையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். மேலே பார்த்தாள். எந்த வார்த்தையைச் சொல்வது என்று ஒரு நொடி தயங்கினாள்.

"ஆயா, மாங்கா!"

"வா" என்று தூக்கிப் பிடித்தான். அவள் கையில் இன்னும் நண்டு வாடை அடித்தது.

"மாமா, டாட்டா!" என்று கம்பி வழியாகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அழுத்தினாள். டக்கென்று விழுந்தது.